பழி எப்போதும் வால்வின் மேல்

வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒரு பக்கம் கரகரத்தாலோ, பாட்டு வந்து வந்து போனாலோ, உடனே வரும் தீர்ப்பு “வால்வு போச்சு”. கையால் கழற்றி மாட்ட முடிகிற உறுப்பு அது ஒன்றுதான், அதனால் பழியும் அதன்மேல். பிளாக்பர்னில் முல்லார்ட் நிறுவனம் செய்த பழைய வால்வுகள்கூட இப்படிக் குப்பைக்குப் போவதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

“வால்வு என்றாலே நம்ப முடியாதது.”

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரகசியச் செய்திகளை உடைக்க டாமி ஃபிளவர்ஸ் கொலோசஸ் கணினியை வடிவமைத்தபோதும் இதே ஆட்சேபம் எழுந்தது. பிரிட்டிஷ் தபால்துறையின் தொலைபேசிப் பொறியாளரான அவர் அனுபவத்தில் அறிந்திருந்தது வேறு: அடிக்கடி போட்டு அணைக்காத வால்வு எளிதில் சாகாது. 1944-இல் இயங்கத் தொடங்கிய இரண்டாம் வகைக் கொலோசஸில் சுமார் 2,400 வால்வுகள் இருந்தன. அதற்காக வீட்டு ஆம்ப்ளிஃபயரை இரவு பகலாக எரியவிட வேண்டாம். அவுட்புட் வால்வு எரியும் நேரத்துக்கு ஏற்பத் தேயும். ஆனால் ஐந்தாறு வால்வு உள்ள பெட்டி மாதாமாதம் மக்கர் செய்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

“புது வால்வு போட்டதும் சரியாயிற்று, ஆகவே பழையது கெட்டது.”

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். கழற்றி மாட்டும்போதே பின்கள் சாக்கெட்டில் உரசிக் களிம்பு விலகிவிடும். பழைய வால்வையே திரும்பச் செருகியிருந்தாலும் பாடியிருக்கும். சில வாரத்தில் கரகரப்பு திரும்பும். இப்போது புது வால்வும் குற்றவாளி.

ஸ்டீரியோ பெட்டி என்றால், அணைத்து ஆறவிட்டு, இடப்பக்க ஈசிசி 83 வால்வையும் வலப்பக்கத்து ஈசிசி 83 வால்வையும் இடம் மாற்றுங்கள். கோளாறு வால்வோடு கூடவே போனால் வால்வுதான் காரணம். இருந்த பக்கத்திலேயே நின்றால் சாக்கெட், ரெசிஸ்டர், சால்டரிங் என்று பாருங்கள். கோளாறே காணாமல் போனால் சாக்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காண்டாக்ட் கிளீனர் போட்டு, தளர்ந்த கவ்விகளை மெல்லிய ஊசியால் நெருக்கிவிட்டால் பெரும்பாலும் தீரும். அதற்கு முன் ஃபில்டர் கண்டென்சரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும். உயிரைப் பறிக்க அது போதும்.

“பிளேட் சிவந்தால் வால்வை மாற்று.”

உடனே அணையுங்கள், ஆனால் மாற்ற அவசரப்படாதீர்கள். ஈஎல் 84 அவுட்புட் வால்வின் பிளேட் தாங்குவது 12 வாட். அதற்கு மேல் போனால்தான் சிவக்கும். போகவைப்பது பெரும்பாலும் கசியும் கப்ளிங் கண்டென்சர். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தாலே 4.7 வோல்ட் ஏறிவிடும். அந்த வால்வின் பயாஸே ஏழு வோல்ட்டுக்குச் சற்று மேல்தான். கேதோடு பயாஸ் சுற்று என்றால், அந்த ஈஎல் 84-ஐ மட்டும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரை இணைத்தபடியே ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, சாக்கெட்டின் 2-ஆம் பின்னில், அதாவது கிரிட்டில், டிசி வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். பாசிட்டிவாக ஏதாவது நின்றால் கண்டென்சரை மாற்றுங்கள். மாற்றாமல் புது வால்வு போட்டால் அதுவும் சிவக்கும். உயர் வோல்டேஜில் கைவைத்துப் பழகாதவர்கள் இந்த அளவை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

“டெஸ்டர் நல்லது என்று காட்டிவிட்டது.”

சாதாரண டெஸ்டர் பெரும்பாலும் குறைந்த வோல்டேஜில் எமிஷனை மட்டும் பார்க்கும். இரைச்சலும், தட்டினால் மணி அடிக்கும் மைக்ரோஃபோனிக் குணமும் அதில் தெரியாது. பாடும் பெட்டியில் பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் தெரியும்.

“நீல ஒளி தெரிந்தால் ஆயுள் முடிந்தது.”

கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீலம் எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது, தீங்கில்லை. பிளேட்டுக்குள் ஊதா மூட்டமாகத் தெரிந்தால் வாயு சேர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்றே புகுந்துவிட்டது. அந்த வால்வு போனதுதான்.