தொய்வு என்ற ஒரே சொல்

‘எல்லாம் தொய்வுதானே, மருந்தும் ஒன்றுதானே?’

யாழ்ப்பாணத்தில் மூச்சு வாங்கினால் போதும், தொய்வு என்றுவிடுவோம். சுருட்டுப் பிடித்தே வயது போன அப்புவுக்கும் தொய்வு. காவோலையும் பொச்சும் எரித்துக் காலமெல்லாம் சமைத்த ஆச்சிக்கும் தொய்வு. இளவயதில் காசநோய் வந்து மாறிய பெரியம்மாவுக்கும் தொய்வு. ஒருவருக்குத் தந்த பம்பை இன்னொருவர் எடுத்து அடிப்பது இதனால்தான்.

மூவரையும் சி.ரி. ஸ்கானில் படுக்கவைத்தால் மூன்று நோய்கள் தெரியலாம். அப்புவின் நுரையீரலில், அதுவும் மேற்பகுதியில், காற்றறைச் சுவர்கள் அழிந்து கருந்துளைகள் விழுந்திருக்கும். எம்பிசீமா இது. ஸ்கானின் அளவுகோலில் தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. மூச்சை நன்றாக இழுத்திருக்கும்போது கழித்தல் 950க்கும் கீழே போகும் இடங்களை அழிந்தவையாகக் கணக்கிடுகிறார்கள். அடுப்புப் புகை குடித்த ஆச்சிக்கு இந்தத் துளைகள் பொதுவாகக் குறைவு. சுவாசக்குழாய்ச் சுவர்கள் தடித்திருக்கும், மூச்சை வெளியே விட்டபின்னும் காற்று அங்கங்கே சிக்கி நிற்கும். பெரியம்மாவின் நுரையீரல் மேலே வடுப்பட்டுச் சுருங்கியிருக்கும். பக்கத்து இரத்தக்குழாயைவிடச் சுவாசக்குழாய் அகன்று, குறுக்குவெட்டில் கல் பதித்த மோதிரம் போலத் தெரியும்.

நான்காவது ஒன்றும் உண்டு, என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். நுரையீரலின் அடியில், ஓரமாக, தேன்கூடு போன்ற அறைகள். இது நுரையீரல் நாராகிப்போகும் நோய். பம்ப் இதை நிறுத்தாது. காரணம் தெரியாமல் வரும் இவ்வகைக்கு முன்பு ஸ்டீரோயிட்டும் அசாதியோபிரினும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படி எடுத்த நோயாளர்களிடையே மரணம் கூடியதை 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்று பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற மருந்துகள் வடு பரவுவதை மெதுவாக்குகின்றன. பிழையான பெயர் வைத்தால் இங்கே உயிரே போகும்.

‘ஸ்கான் எடுத்தாயிற்று, இனி ஊதிப் பார்ப்பது எதற்கு?’

ஆஸ்துமாக்காரரின் ஸ்கான் முழுக்கச் சுத்தமாகவே இருக்கலாம். சுவாச அடைப்பு நோயை உறுதிசெய்வதும் ஊதும் பரிசோதனைதான்: மருந்து இழுத்தபின், முழுதாக ஊதிய காற்றில் முதல் வினாடியில் வந்த பங்கு 0.7க்குக் குறைய வேண்டும். படம் இடத்தைக் காட்டும். காற்று எவ்வளவு ஓடுகிறது என்பதைச் சொல்லாது.

‘ஊசி போடாத ஸ்கான் அரைகுறை.’ இல்லை. இந்த நோய்களுக்கு எடுக்கும் மெல்லிய வெட்டுப் படத்துக்குச் சாய ஊசி வேண்டியதில்லை.

‘இருமல் வந்தால் உடனே ஸ்கான் எடுத்துவிட வேண்டும்.’ சாதாரண நெஞ்சு சி.ரி. ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக இரண்டு வருடங்களில் நம்மீது படுவதற்குக் கிட்டத்தட்டச் சமம். காரணம் இருந்தால் தயங்கவே வேண்டாம். சும்மா எடுக்க வேண்டாம்.

படம் பார்ப்பவருக்கு உங்கள் கதை வேண்டும். புறா வளர்ப்பவரின் நுரையீரலிலும் வடு விழலாம், அந்த வடுவும் காரணம் தெரியாமல் வரும் வடுவும் ஒன்றுபோலவே இருக்கலாம். சுருட்டு, அடுப்பு, புறா, தூசிக்குள் செய்த வேலை எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். காசநோய் வடு பழையதா, மறுபடி கிளம்பியதா என்று ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்மானிப்பது கடினம். அலுமாரிக்கு மேலே கிடக்கும் பழைய எக்ஸ்றேயைத் தூசி தட்டிக் கையோடு கொண்டுபோங்கள்.