தாண்டிக்குடி ஜீப்புக்குத் தகடு மாற்றுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஃப்ளோர் வழியாகத் தரை தெரிகிறது. பின்சக்கரத்துக்கு மேலே பெட்டியின் மூலை இற்றுவிட்டது. டெயில்போர்டின் அடிமடிப்பு வெங்காயத் தோல் போல் உரிகிறது. ஊர் டிங்கர் ஒட்டுப் போட்டு, பட்டி தேய்த்து, ஒரு வாரத்தில் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார். உன் சிநேகிதனோ மண்டி டப்வாலியிலிருந்து புது பாடியையே லாரியில் வரவழைத்துவிடலாம் என்கிறான். எதைச் செய்யட்டும் மாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம்.

முதலில் புது பாடி. தாத்தாவின் வண்டி வில்லிஸ் சி.ஜே. 3பி வகை. அந்த வகை 1953-ல் அமெரிக்காவில் வந்தது. ஹரிகேன் எஞ்சின் உயரமானது என்பதற்காகவே பானெட்டைத் தூக்கி வைத்தார்கள். அங்கே 1968-ல் நிறுத்திவிட்டார்கள். இங்கே மகிந்திரா அந்த உருவத்தை வேறு வேறு பெயர்களில் 2010 வரை விடவில்லை. அதனால் தகடு கிடைக்காது என்ற கவலையே உனக்கில்லை. மட்கார்டு, பானெட், பக்கத் தகடு எல்லாம் இன்றும் அடித்து விற்கிறார்கள். ஹரியானாவில் உள்ள டப்வாலி அதற்கே பேர் போன ஊர். ஆனால் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக நல்ல தகட்டையும் சேர்த்துக் கழற்றி எறிவது எனக்குச் சம்மதமில்லை. உன் வண்டியின் கவுல், டேஷ்போர்டு, முன் மட்கார்டு மூன்றும் படத்தில் திடமாகத் தெரிகின்றன. இற்றது கீழ்ப்பாதி மட்டும்தான்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்; சேசிஸ், பாடி, எஞ்சின் மூலவடிவம் மாறாமல் இருக்க வேண்டும். உன் வண்டி 1969 பதிவு. தாத்தா பிடிவாதமாக டீசலுக்கு மாற்றாமல் பெட்ரோல் எஞ்சினையே வைத்திருந்தார். டப்வாலி பாடி ஏற்றினால் அந்தத் தகுதி போய்விடும். அதற்காக உடனே விண்டேஜுக்கு விண்ணப்பிக்கவும் ஓடாதே. அந்தப் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. காப்பி மூட்டையும் மிளகும் ஏற்றிப் பெரும்பாறை வழியாக இறங்குகிறவன் நீ. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சாதாரணமாக ஆர்.சி. புதுப்பித்துக்கொள், போதும். அப்போது சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுப்பார்கள். ஆகவே கிரைண்டர் பிடிக்கிறவரிடம் அந்த இடத்தைக் காட்டி, டேப் ஒட்டி மூடிவிடு. தேய்ந்துபோன நம்பரோடு அலுவலகத்தில் நிற்பதைவிட ஓட்டை ஃப்ளோரோடு ஓட்டுவது மேல்.

அடுத்தது உங்கள் டிங்கர். அவர் கைவேலையைக் குறை சொல்லவில்லை. ஒட்டு என்றால் பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்து ஓரத்தில் பற்றவைப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு பை உண்டாகிறது. மலையில் அதற்குள் ஈரம் காயவே காயாது. பட்டியும் ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு வளர வளர, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெயிண்ட் கொப்புளிக்கும், மடிப்புகள் வாய் பிளக்கும். இரண்டு ஐப்பசி தாண்டாது.

ஆனால் துரு ஏன் வந்தது என்று நீ கேட்கவே இல்லையே. பனியும் மூடுபனியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான். நம் மலையில் கடற்காற்று கிடையாது. உப்பு எங்கிருந்து வந்தது? பின்னால் நீ ஏற்றுகிற உர மூட்டையிலிருந்து. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு என்ற வகையில் அது சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. மூட்டை ஓரத்தில் சிந்தியது ரப்பர் மேட்டுக்கு அடியில் போய், சாரலில் கரைந்து, ஃப்ளோரின் பள்ளத்திலும் அடியில் ஓடும் சேனலுக்குள்ளும் தங்கியிருக்கிறது. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றுகிற ஜீப்புகளையும் பார்த்திருக்கிறேன். அங்கேயும் உரம் ஏற்றுகிற பின்பெட்டிதான் முதலில் போகும். பானெட் கடைசிவரை பளபளக்கும். தகடு மாற்றுவதற்கு முன்பே இதை நிறுத்து. ரப்பர் மேட்டைத் தூக்கிப் போடு. உரம் ஏற்றினால் தார்ப்பாய் விரித்து ஏற்று, அன்றே தண்ணீர் அடித்துக் கழுவு. வடிகால் துளைகளில் மண் அடைத்திருந்தால் குச்சி விட்டுக் குத்தி எடு. இது நடக்காவிட்டால் நான் இனி எழுதப்போவதெல்லாம் வீண் செலவு.

எவ்வளவு வெட்டுவது? கண்ணை நம்பாதே. ஒரு சிறு காந்தம் எடுத்துத் தகடு முழுக்க ஓட்டிப் பார். பிடிக்காத இடத்தில் பழைய பட்டி தடிமனாக இருக்கிறது. மடிப்புகளையும் அடிச்சேனல்களையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார். உள்ளே போனால் அந்த இரும்பு முடிந்தது. ஓட்டையின் ஓரத்தில் வெட்டாமல், பளிச்சென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை தள்ளி வெட்டச் சொல். டிங்கர்கள் இங்கேதான் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். இற்ற ஓரத்தில் வெல்டிங் பிடிக்காது, உருகி ஓட்டைதான் பெரிதாகும்.

வெட்டுவதற்கு முன் பெட்ரோல் டாங்க்கைக் கழற்று. இந்த வண்டியில் டாங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது; இற்றிருக்கும் இடமும் அதை ஒட்டித்தான். காலி டாங்க்தானே என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதே. நிறைந்த டாங்க்கைவிட ஆவி நிற்கும் காலி டாங்க்தான் வெடிக்கும். கழற்றிப் பட்டறைக்கு வெளியே தொலைவில் வை. பேட்டரி வயரையும் எடுத்துவிடு.

பாடியைச் சேசிஸிலிருந்து தூக்காதே. ஃப்ளோரை வெட்டியதும் பக்கத் தகடுகள் விரிந்துகொடுக்கும். பிறகு டெயில்போர்டு மூடாது. போல்ட் முடுக்கியபடியே வைத்து, உள்ளே குறுக்காக ஆங்கிள் பட்டைகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து எழுதிக்கொள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். பழைய தகட்டை எறிவதற்கு முன் அட்டையில் அச்சு எடு. 18 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். ஃப்ளோரில் ஓடும் வரிகள் அழகுக்கு இல்லை. அவை இல்லாவிட்டால் தகடு அதிரும். மடிப்பு வேலைக்குத் திண்டுக்கல் போ. இரும்புப் பெட்டி செய்கிறவர்களிடம் மடிக்கும் மெஷின் இருக்கும். 2019-ல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊருக்குத் தகடு புதிதில்லை.

பற்றவைப்பது சி.ஓ.டூ வெல்டிங்காக இருக்கட்டும். இந்த மெல்லிய தகட்டுக்கு ஆர்க் வேண்டாம். வெளியே தெரியும் இடங்களில் விளிம்போடு விளிம்பு சேர்த்து, இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகுதான் அடுத்தது. ஒரே இழுப்பாக இழுத்தால் தகடு அலையடிக்கும், பிறகு அதை மறைக்கவே ஒரு டப்பா பட்டி ஆகும். ஜி.ஐ. தகடு வாங்கினால் பற்றவைக்கும் ஓரத்தில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுக்கச் சொல். அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் கொண்டுவரும்.

பெயிண்ட்டை மலையில் அடிக்காதே. காலையில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும், அதன் மேல் அடித்தது வெளிறும், பிறகு உரியும். ரெட் ஆக்சைடு மட்டும் போதாது, அது ஈரத்தை உள்ளே விடும். எபாக்ஸி பிரைமர் அடித்து, மூட்டுகளுக்கு சீலண்ட் போட்டு, அதன் மேல் கலர். அடிச்சேனலுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைத் தெளித்துவிட வேண்டும். இந்த ஒன்றை வருஷா வருஷம் மழைக்கு முன் நீயே செய்யலாம். கலரை மாற்ற ஆசைப்பட்டால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். பழைய பச்சையே இருக்கட்டும்.

மாசியில் வத்தலக்குண்டு வெயில் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துழைக்கும். தை அறுவடைக் காப்பியை இறக்கி முடித்ததும் வண்டியைக் கீழே கொண்டு வா. டாங்க்கை நீயே கழற்றி வைத்துவிட்டு எனக்குப் போன் செய். நான் வந்து பார்த்த பிறகு கட்டரை எடுக்கச் சொல்.

அன்புடன்,
உன் மாமா