நினைவகத்தில் உரிமையும் இரவலும்

கணிப்பொறியின் நினைவகத்தை எண்ணிட்ட அறைகளின் நீண்ட வரிசையாகக் கருதலாம். ஒரு பொருள் இருக்கும் அறையின் எண்ணே அதன் முகவரி. முகவரியைத் தாங்கி நிற்பது சுட்டு. அச்சுட்டின்வழிச் சென்று அறையிலுள்ள பொருளை அடைதலைச் சுட்டவிழ்த்தல் என்போம். செயல் எளிதே. ஆனால், நாம் சென்று சேருமுன் அப்பொருள் அகற்றப்பட்டு, அறை வேறொன்றுக்கு அளிக்கப்பட்டிருந்தால் என்னாகும்? சி, சி++ மொழிகளில் இதனைக் காக்கும் பொறுப்பு பெரிதும் நிரல் எழுதுவோரையே சார்ந்தது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் பதிவாகும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது.

கிரேடன் ஹோர் 2006-இல் தொடங்கிய ரஸ்ட் மொழியின் முதல் நிலைத்த பதிப்பு 2015 மே 15 அன்று வெளிவந்தது. இம்மொழியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே உரிமையாளர் உண்டு. உரிமையாளரின் எல்லை முடிந்ததும் மதிப்பும் நீக்கப்படும். இடையில் உரிமையை வேறொருவருக்கு மாற்றித் தரலாம், மாற்றியபின் பழைய பெயரால் அதனைத் தொட இயலாது.

உரிமையை மாற்றாது பயன்படுத்தத் தருதலே இரவல். கடன் என்னும் சொல் இங்குப் பொருந்தாது. நெல்லைக் கடன் பெற்றவர் வேறு நெல்லைத் திருப்பலாம். நகையை இரவல் வாங்கியவரோ அதே நகையைத்தான் திருப்பவேண்டும். படிப்பதற்கான இரவல் ஒரே வேளையில் பலருக்கு உண்டு. மாற்றுவதற்கான இரவல் ஒருவருக்கே. அவ்வேளையில் படிப்போர் எவரும் இருத்தல் ஆகாது.

இக்கட்டுப்பாடு ஏன்? மூன்று எண்கள் கொண்ட ஒரு பட்டியலின் முதல் எண்ணைச் சுட்டி வைத்துக்கொண்டு, நான்காவது எண்ணைச் சேர்க்கிறோம் எனக் கொள்வோம். இடம் போதாதெனில் பட்டியல் முழுவதும் வேறிடத்திற்குப் பெயரும். நம் சுட்டோ காலியான வீட்டின் முகவரியையே காட்டி நிற்கும். அச்சுட்டு பின்னரும் பயன்படுமாயின், தொகுப்பி நிரலை ஏற்க மறுக்கிறது. இடம் உண்மையில் போதுமாயிருந்தாலும் மறுக்கிறது. புதிதாகப் பயில்வோர் சினங்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்!

மற்றோர் ஐயமும் எழுவதுண்டு. முழு எண்ணைக் காட்டும் சுட்டை நட்சத்திரக் குறியிட்டு அவிழ்த்து வேறொரு மாறியில் வைக்க முடிகிறது. சரத்தை அவ்வாறு வைக்க முடிவதில்லை. முழு எண் படியெடுக்கப்படுகிறது, அதனால் இடரில்லை. சரமோ முகவரி, நீளம், கொள்ளளவு என்னும் மூன்றின் தொகுதி. எழுத்துகள் வேறிடத்தில் உள்ளன. இம்மூன்றையும் அப்படியே படியெடுத்தால் ஒரே எழுத்துகளுக்கு உரிமையாளர் இருவராவர். இருவரும் ஒரே இடத்தை இருமுறை விடுவிப்பர். இரவல் பொருளை விற்பதற்கு ஒப்பாகும் இது. வேண்டுமாயின் எழுத்துகளையும் சேர்த்து வெளிப்படையாகப் படியெடுக்கவேண்டும்.

இச்சோதனைகள் நிரலைத் தொகுக்கும்போதே முடிந்துவிடுவதால், இயங்கும் வேளையில் இவற்றுக்கெனத் தனிச் செலவு இல்லை. காப்பற்ற வெறுஞ்சுட்டுகளும் இம்மொழியில் உண்டு. அவற்றை அவிழ்ப்பதற்கு மட்டும், 'பாதுகாப்பற்றது' என்று குறித்த பகுதிக்குள் எழுதுதல் வேண்டும்.