சரக்கு வண்டி எடுக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, சொந்தமாகச் சின்ன சரக்கு வண்டி எடுத்து ஓட்டப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பேஸ் மாடலா, டாப் மாடலா என்று தூக்கம் வராமல் யோசிக்கிறாயாம். சிவகாசிப் பக்கம் தாயில்பட்டியில் லோடு வண்டிகளோடே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. முதலில் உன் லோடைத் தெரிந்துகொள். சிவகாசி அச்சகங்களுக்குப் பேப்பர் கட்டு ஏற்றுகிறவனுக்கு எடைதான் கணக்கு. பட்டாசு ஆலைக்குக் காகிதக் குழாயும் காலி அட்டைப்பெட்டியும் ஏற்றுகிறவனுக்கு இடம்தான் கணக்கு. பின்பக்கம் நிறைந்துவிடும், எடை பாதிகூட வராது. நம் தெருப் பையன் ஒருவன் அதிக எடை தாங்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தான். கிடைத்ததெல்லாம் அட்டைப்பெட்டி லோடு. நீளம் போதாமல் ஒரு நடையில் முடிய வேண்டியதற்கு இரண்டு நடை போனான். யார் யார் உனக்கு லோடு தருவார்கள், என்ன லோடு, எவ்வளவு தூரம் என்று ஒரு நோட்டில் எழுது. பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

2. வண்டியின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள். 2020 செப்டம்பரில் அசோக் லேலண்ட் படா தோஸ்த்தை விட்டபோது ஐ3, ஐ4 என்று இரண்டு வந்தன. ஒன்று 1,405 கிலோ தாங்கும், மற்றது 1,860 கிலோ. ஒவ்வொன்றிலும் எல்எஸ், எல்எக்ஸ் என்று இரண்டு தரம். அறிமுக விலையில் ஐ3 எல்எஸ் 7.75 லட்சம், ஐ4 எல்எஸ் 7.79 லட்சம். 455 கிலோ கூடுதலாக ஏற்ற 4,000 ரூபாய்தான். எல்எஸ்ஸிலிருந்து எல்எக்ஸுக்குப் போகவோ 20,000 ரூபாய். இன்றைக்கு விலை மாறியிருக்கும், பாடம் மாறவில்லை. எந்த எழுத்து உனக்குச் சம்பாதித்துக் கொடுக்கும், எந்த எழுத்து சௌகரியத்துக்கு என்று பிரித்துப் பார். புரியாததை ஷோரூமில் திரும்பத் திரும்பக் கேள். கேட்க வெட்கப்பட்டவன் தவணை கட்டும்போது வருந்துவான்.

3. உடம்பைக் காக்கும் வசதியை ஆடம்பரம் என்று எண்ணாதே. பவர் ஸ்டீயரிங், நிமிர்ந்து உட்கார நல்ல சீட், தெளிவாகத் தெரியும் கண்ணாடி, இவை இருக்கிற மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். சிவகாசியின் சின்னச் சந்துகளில் லோடோடு திருப்பித் திருப்பி ரிவர்ஸ் எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் ஐம்பது வயதில் சட்டை மாட்டக் கை தூக்க முடியாமல் தவித்தார். வண்டியின் தேய்மானத்துக்கு உதிரிபாகம் கிடைக்கும், தோளுக்குக் கிடைக்காது.

4. ஓட்டுகிறவனை நினைத்துப் பார். இப்போது புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம். ஆனால் மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேலே போகும் வண்டிகளுக்குத்தான் அந்தச் சட்டம். அதற்குள் அடங்கும் வண்டிக்கு உன் மனசாட்சிதான் சட்டம். வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று பக்கத்திலேயே ஓடி, பாதி நேரம் ஆலை வாசலில் எஞ்சினை நிறுத்திக் காத்திருக்கிற வண்டிக்கு ஏசியால் பெரிய பயன் இல்லை. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் தினமும் சித்திரை வெயிலில் போகிற வண்டிக்கு அது வேண்டும். நாளைக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால், அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை என்பதை மறக்காதே.

5. ஊர்க் கண்ணுக்காக வாங்காதே. விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பளபளக்கும் பம்பரையும் பாட்டுப் பெட்டியையும் நாலு நாள் பார்ப்பார்கள், அப்புறம் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு வண்டியைவிட ஒரு படி மேலே வேண்டும் என்று எடுத்தவர்கள், விற்கிற நாளில் அந்தப் பளபளப்புக்கு யாரும் தனியாக விலை தரவில்லை என்று கண்டார்கள்.

6. சீசனை நம்பித் தவணை போடாதே. தீபாவளிக்கு முன்னால் நம் பக்கம் வண்டி கிடைக்காது, முடிந்தபின் லோடு கிடைக்காது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபின் பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வண்டிகள் வாசலில் நின்றன, தவணை மட்டும் நிற்கவில்லை. மிகவும் மந்தமான மாதத்தில் உன்னால் எவ்வளவு கட்ட முடியுமோ, அந்தத் தொகைக்குள் அடங்குகிற மாடலை எடு.

7. பேஸ் மாடலை எடுத்துவிட்டு, வெளியே வயர் வெட்டி ஒட்டி டாப் மாடல் ஆக்கப் பார்க்காதே. ஒட்டுப்போட்ட வயர் தீப்பொறி கக்கும். இது பட்டாசு மருந்தோடு பிழைக்கிற ஊர். ஒரு பொறி என்ன செய்யும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதேபோல, "இடம் கிடக்கே, ரெண்டு பெட்டி பட்டாசைப் போட்டுக்கோ" என்று யார் கேட்டாலும் மறுத்துவிடு. அதற்கென்று வெடிபொருள் விதிகள், 2008 இருக்கின்றன. தெரிந்தவர் மனம் நோகுமே என்று தலையாட்டி விடாதே. அன்றைக்கு முகம் சுளித்தாலும் பிறகு அவரே உன்னை மதிப்பார்.

8. டாப் மாடல் என்பதற்காக அச்சு அதிகம் தாங்காது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எடைதான் எல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எடை மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதம்கூட ஒரு நாளோடு போகும். பிரேக் பிடிக்காமல் போனால் எதிரே வருகிறவன் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வாய்?

9. மிச்சப்படுத்திய பணத்தை வண்டிக்கே வை. புது வண்டிக்கு முதல் எஃப்.சி. (தகுதிச் சான்று) இரண்டு வருஷத்தில், எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். டயர், பிரேக், ஸ்பிரிங் பட்டை, இன்சூரன்ஸ் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். பேஸ் மாடலை எடுத்து ஒழுங்காகப் பராமரித்தவன் வண்டி, டாப் மாடலை எடுத்துக் கைவிட்டவன் வண்டியைவிட அதிக காலம் ஓடியதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

தம்பி, உன் லோடுக்கு வேண்டிய எடைக்கும் நீளத்துக்கும், உன் உடம்புக்கு வேண்டிய பாதுகாப்புக்கும் தயங்காமல் பணம் கொடு. மற்றதை எல்லாம் வண்டி சம்பாதித்துத் தந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். நோட்டை எழுதி முடி, வீட்டில் உட்கார்ந்து எல்லாரோடும் பேசு, அதற்கப்புறம் ஷோரூமுக்குப் போ. நன்றாக இருப்பாய்.