முதலில் 'வெக்கை' படி, தாயி

விஸ்வநத்தம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. போன வாரம் 'அசுரன்' படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "இதே மாதிரி வெட்டுக்குத்து உள்ள நாவல் நாலஞ்சு சொல்லுங்க மாமா" என்றாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "அதையெல்லாம் படிச்சா மனசு கெட்டுப்போகும்" என்று சத்தம் போட்டாள். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

பூமணியின் 'வெக்கை'யை முதலில் எடு. 1982இல் வந்தது. படத்துக்கு மூலம் அதுதான், ஆனால் படத்தில் பார்த்த சண்டைகளைத் தேடிப் போகாதே. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டுவது தொடக்கத்திலேயே முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது. என்ன சமைப்பது, எங்கே படுப்பது, வீட்டில் இருப்பவர்கள் என்ன ஆனார்களோ என்ற தவிப்பு. பூமணி கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிபட்டிக்காரர். அந்தப் பேச்சு உனக்கு அகராதி இல்லாமல் புரியும்.

வெட்டு ஒரு நொடியில் முடிகிறது. அதற்கு அப்புறம் வருகிற நாட்களோடு ஒரு நாவல் எவ்வளவு தூரம் கூட நடக்கிறது என்று பார். ரத்தத்தைக் காட்டிவிட்டு அடுத்த வெட்டுக்கு ஓடுகிற புத்தகம் என்றால் கீழே வைத்துவிடு.

நம் ஊரில் இது சீக்கிரம் விளங்கும். பட்டாசு செய்யும் பயர் ஆபீஸில் விபத்து என்றால் பேப்பரில் என்ன வரும்? மருந்து கலக்கும்போது உராய்வு, இத்தனை பேர் பலி, போர்மேன் கைது, நிவாரணம். ரெண்டாம் நாள் வேறு செய்தி. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிபட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் எழும்பிய புகையைப் பார்த்தவன் நான். அந்தக் குடும்பங்களின் மூன்றாம் மாதத்தை, மூன்றாம் வருஷத்தை நான் பார்த்த எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

என் சித்தி மகன் மருந்து அறையில் கருகி, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். சித்தி அவனுடைய செருப்பை மஞ்சப்பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தாள், வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொள்ள வேண்டுமே என்று. இமையத்தின் 'செல்லாத பணம்' படித்தபோது அந்தப் பைதான் கண்ணில் நின்றது. தீக்காயத்தோடு ரேவதி ஜிப்மரில் கிடக்கிறாள். வீட்டார் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்ட பெண். நாவலில் பெரும்பாலும் வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கிறவர்களின் பேச்சும் அழுகையும் பழிபோடலும்தான். அப்பாவிடம் பணம் இருக்கிறது, அதை வைத்து மகளை எழுப்ப முடியவில்லை. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. நாற்பது பக்கம் படித்து மூடியவன் அடுத்த வருஷம்தான் திரும்ப எடுத்தேன். உனக்கும் அப்படி ஆனால் மூடி வை. தப்பில்லை. இந்த மாதிரிப் புத்தகங்களை வரிசையாக ஒரே மூச்சில் படிக்காதே, நடுவில் ஒரு மாசம் விடு.

பிறகு நம் மாவட்டத்துக்காரர் பாமாவின் 'வன்மம்'. ஒடுக்கப்பட்ட ரெண்டு சாதியார் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதும், அதில் யார் குளிர் காய்கிறார்கள் என்பதும்.

பூமணியின் 'அஞ்ஞாடி'யைக் கடைசியாக வைத்துக்கொள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. படிக்கும்போது "இதில் நம்மாள் யார்?" என்று மனசு தேடும். எனக்கும் தேடியது, வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி தொடங்கு.

உன் அம்மா சொன்னதற்கு வருகிறேன். பஸ்ஸில் தழும்பேறிய கை ஒன்று கம்பியைப் பிடித்தால் நாமெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். மனசு கெட்டுப்போவது என்றால் எனக்கு அதுதான் தெரிகிறது. இந்த நாவல்கள் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தன.

உன் அம்மாவே பத்து வயதில், விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். உன்னிடம் சொல்லியிருக்கிறாளோ என்னவோ. அப்படி வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிப் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு படமே எடுத்திருக்கிறார்.

என்னுடைய 'வெக்கை' முதுகு கிழிந்து கிடந்தது. நேற்று ராத்திரி தைத்துக் காலிகோ ஒட்டிவிட்டேன். பசை காய்ந்ததும் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலம் அடுப்படி வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசி. உன் அம்மா வேலை பார்த்துக்கொண்டே கேட்பாள்.

இப்படிக்கு,
மாமா