மேட்டு வீடும் வாவிக்கரை நடையும்

கேள்வி: வயது 68. அம்பிட்டியவில் மேட்டில் வீடு. ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உடற்பயிற்சி தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம் அம்மா. முதலில் வைத்தியரிடம் மூச்சு வாங்குவதைச் சொல்லி, பிரஷரும் சீனியும் பார்த்துவிடுங்கள். அவர் சரியென்றால், ஏற்றத்தை விட்டு, பஸ்ஸில் கண்டி வாவிக்கரைக்கு வாருங்கள். 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவி. சுற்றிவர சமதரை, மர நிழல். முழுச் சுற்று 3 கிலோமீற்றருக்கு மேல், இப்போதைக்கு வேண்டாம். சிநேகிதியோடு கதைத்துக்கொண்டே 10 நிமிடம் நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை மெல்ல மெல்ல எட்டலாம்.

மழை நாளில், சுவரோடு சேர்த்துப் போட்ட கதிரையில் இருந்து எழும்புங்கள், திரும்ப இருங்கள்; முடிந்தளவு கையூன்றாமல். தொடை பலப்பட்டால் மேடும் இலகுவாகும். நடப்பதற்குக் கண்டியின் உடவத்தகலே காடும் அழகுதான். ஆனால் மழைக்குப்பின் வழுக்கும், அட்டையும் ஏறும். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி, வைத்தியசாலைக்குப் போங்கள்.