வழக்குகள் நிலைதோறும் தங்கும் காலம்

தக்கவாறு ஆராயாது தண்டம் விதித்தமையால் பாண்டியனது செங்கோல் வளைந்தது என்பதைச் சிலப்பதிகாரம் பயின்றார் யாவரும் அறிவர். ஆண்டு விசாரணைக்கெனச் சென்ற காலம் சிறிதும் இல்லை. இக்கால நீதிமன்றங்களைப் பற்றி எழும் முறையீடோ இதற்கு மாறானது. வழக்கு முடியப் பல்லாண்டு செல்கின்றது என்பர். ஆயினும், ‘சராசரியாக இத்துணை ஆண்டு’ என மொத்தமாகக் கூறுவதனால் தாமதம் எங்கே உளது என்பது விளங்காது. அதனை நிலைதோறும் பகுத்தறிதல் வேண்டும்.

உரிமையியல் வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். வாதி பிராது தாக்கல் செய்கிறார், பிரதிவாதிக்குச் சம்மன் செல்கின்றது, எதிருரை பெறப்படுகின்றது, எழுவினாக்கள் வனையப்படுகின்றன, பின்னர்ச் சாட்சியம், வாதுரை, தீர்ப்பு என்பன முறையே நிகழ்கின்றன. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பின்வந்த திருத்தங்களுடன், எதிருரைக்கு 30 நாள் குறித்து, தக்க காரணம் உண்டாயின் 90 நாள்வரை நீட்டிக்க இடந்தருகின்றது. வாதுரை முடிந்தபின் தீர்ப்புக்கும் 30 நாளே பொதுவாகக் குறித்த அளவு. நிலைதோறும் உண்மையிற் சென்ற காலத்தை இத்தகைய அளவுகளோடு ஒப்பிடின், தடை எங்குளது என்பது புலனாகும்.

கணக்கிடும் முறை எளிது. வழக்கு ஒரு நிலையினுட் புகுந்த நாளையும் நீங்கிய நாளையும் குறித்து, இடைப்பட்ட காலங்களைக் கூட்டி, வழக்குகளின் தொகையால் வகுக்க வேண்டும். சம்மன் சார்வாகாமல் வழக்கு மீண்டும் அந்நிலைக்கே திரும்பின், அக்காலத்தையும் சேர்த்தல் முறை.

ஈண்டுப் பிழை ஒன்று எளிதிற் புகும். நான்கு வழக்குகள் சம்மன் நிலையில் உள்ளன என்று கொள்வோம். மூன்று வழக்குகள் முறையே 1, 2, 3 மாதங்களில் நீங்கின. நான்காவது 30 மாதமாகியும் நீங்கவில்லை. நீங்கியவற்றை மட்டும் எண்ணின் சராசரி 2 மாதம். எஞ்சியதையும் சேர்ப்பின் 9 மாதம். அதுவும் நாடோறும் வளரும். முதற்கணக்கில், மிக நெடிது காத்திருப்பவரே எண்ணப்படாது போகின்றார்! இரண்டாவது கணக்கிலோ, ஒரு வழக்கே சராசரியை உயர்த்திவிடுகின்றது. ஆதலின், வரிசைப்படுத்தி நடுவிலுள்ள அளவாகிய இரண்டரை மாதத்தையும் உடன் காட்டுதல் நன்று.

நாட்குறிப்புகள் செவ்வையாக இல்லாதவிடத்தும் ஒரு வழி உண்டு. ஜான் லிட்டில் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டில் நிறுவிய விதியின்படி, ஒரு நிலையில் தங்கியுள்ள வழக்குகளின் சராசரித் தொகையைத் திங்கள்தோறும் வருவனவற்றின் தொகையால் வகுப்பின், அவை தங்கும் சராசரிக் காலம் கிடைக்கும். வரவும் செலவும் நெடுங்காலம் ஒத்திருக்குமாயின், 120 வழக்குகள் தங்க, மாதந்தோறும் 20 வருமிடத்தில் அக்காலம் 6 மாதமாம்.

2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு, நிலுவை வழக்குகளின் விவரங்களை யாவரும் காண வெளியிடுகின்றது. அத்தகைய எண்களைக் காணுங்கால், சாட்சியை உசாவச் சென்ற காலத்தையும், சம்மன் சார்வாகாது வீணே கழிந்த காலத்தையும் நாம் ஒன்றெனக் கருதலாகாது. முன்னதைக் குறைப்பின் பாண்டியனது பிழையே மீளும். குறைக்கத் தக்கது பின்னதே. ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னே, தீர்ப்பை எதிர்நோக்கி நீதிமன்றப் படியேறும் ஒருவர் உளர் என்பதை மறவாதிருப்போமாக.